சரக்கா, ஆயுதமா?

துளசிராமன் எதையும் அளவாகச் செய்து பழகாதவர். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய் வாங்கினால் ஆண்டர்சன்பேட்டை பஜாரிலேயே பெரியதாகத்தான் வாங்குவார். மற்றவர்கள் அதைத் தெரு நடுவில் உடைப்பார்கள். இவர் தன் மாரிஸ் மைனர் காருக்கு நேர் முன்னால், அதுவும் இறக்கத்தில் போட்டு உடைத்தார். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

"இன்னாங்க, வழுக்கப் போவுது," என்றாள் ரூபா.

"பூசணி மேலயே ஏத்திக்கினு போனாத்தான் திருஷ்டி முழுசா கழியும். உனக்கு இன்னா தெரியும்?"

திருஷ்டி கழிந்ததோ இல்லையோ, கார் கழன்று போனது. பூசணிச் சதையில் ஏறிய சக்கரங்கள் பிரேக்குக்குக் கட்டுப்படாமல் வழுக்க, முன்பக்கம் சாக்கடைக்குள் 'ணங்' என்று இறங்கியது. எதிர் வீட்டு மஞ்சுநாத் "ஏனாய்த்து சார்?" என்று கன்னடத்தில் கேட்டபடி ஓடிவந்தார். நாலு பேர் சேர்ந்து தூக்கி மேலே வைத்துப் பானெட்டைத் திறந்து பார்த்தால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அதைத் தாங்குகிற இடப்பக்க மவுண்டிங் பிராக்கெட்டில் விரல் நீளத்துக்கு விரிசல்.

"போச்சு," என்றார் துளசிராமன். "இங்கிலாந்துலேருந்துதான் வரவழைக்கணும். நாளைக்கி எங்க ஓட்டறது? அடுத்த வருசம் பாத்துக்கலாம், ரூபா."

சொல்லும்போது அவர் முகத்தில் இருக்க வேண்டிய வருத்தத்தில் பாதிதான் இருந்தது. ரூபா அதைப் பார்த்துவிட்டாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்தக் காரின் ஸ்டியரிங்கை அவர் வேறு யாரையும் தொட விட்டதில்லை. போன நவராத்திரியில் கொலுவுக்கு வந்த பெண்கள் கிண்டல் செய்தபோது, "லைசென்ஸ் வாங்கட்டும், அடுத்த விஜயதசமிக்கு பங்காருபேட்டை வரைக்கும் இவதான் ஓட்டுவா," என்று அம்மன் படத்துக்கு முன்னால் வீறாப்பாகச் சொல்லிவிட்டார். எங்கே வாங்கப் போகிறாள் என்ற தைரியம்! ரூபா மூன்று மாதம் நந்திதுர்க் மைதானத்தில், சிநேகிதி ஜாயுடைய சின்னக் காரில் பழகி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். நாளைக்கு விஜயதசமி. இந்தத் தசமி தவறினால் இனி எந்தத் தசமியும் வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"அந்த பிராக்கெட்டக் கழட்டிக் குடுங்க," என்றாள்.

"எதுல கழட்டுவேன்? ஸ்பேனர்லாம் பூஜைல கீது. பொட்டு வெச்ச ஆயுதத்த நாளைக்கி வரைக்கும் தொடக் கூடாது."

ஊர் வழக்கம் அப்படி. சந்தனம் குங்குமம் வாங்கிய சுத்தியலும் ரம்பமும் அன்றைக்கு ஓய்வில் இருக்கும். மறுநாள் காலையில் இன்னொரு கற்பூரம் காட்டித்தான் கையில் எடுப்பார்கள். தொட்டால் வருஷம் முழுக்க வேலை ஓடாது என்பார்கள்.  ரூபா நேராக ஜாய் வீட்டுக்கு நடந்தாள். ஜாயின் கணவர் ஏனோக் ஊரின் தங்கச் சுரங்கம் மூடும் வரை அதன் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். இப்போது வீட்டை ஒட்டியே சொந்தமாக வெல்டிங் ஷாப் வைத்திருக்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனுஷன், அவருக்கு ஏது பூஜை என்று நம்பித்தான் போனாள்.

ஷாப் வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தது. உள்ளே டிரில் மிஷினுக்கும் வெல்டிங் டார்ச்சுக்கும் பட்டை பட்டையாகச் சந்தனம்.

"அண்ணே, நீங்களுமா?" என்று கேட்டுவிட்டு பிராக்கெட் விரிசலைப் பற்றிச் சொன்னாள்.

"வூட்டுல கிறிஸ்துமஸ், ஷாப்புல ஆயுத பூஜைம்மா," என்றார் ஏனோக், வாயில் பொரி கடலையோடு. "நாப்பது வருசமா இப்டித்தான். மைன்ஸ்லயே பூஜை போட்ட அன்னிக்கி ஒரு ஸ்பேனரத் தொட மாட்டோம். விரிசல் பித்தளை வெல்டிங்ல புடிச்சிடும், அது பிரச்சன இல்ல. ஆனா இது காஸ்டிங்கு, வார்ப்பு இரும்பு. சூடு மெல்ல மெல்ல ஆறணும், ராத்திரி முழுக்க சாம்பல்ல கெடக்கணும். அவசரமா ஆற வெச்சா பக்கத்துலயே வெடிக்கும். இன்னிக்கே வெச்சாத்தான் நாளைக்கி வண்டி. இன்னிக்கிதான் தொட முடியாதே!"

ஜாய் உள்ளிருந்து, "மனசு இருந்தா மார்க்கம் உண்டு," என்றாள். ஏனோக் அவளைப் பார்த்த பார்வையில் மனசும் இல்லை, மார்க்கமும் இல்லை.

ரூபா அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. ஒரு பூசணிக்காய்க்காக அழுவதா என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. அப்போதுதான் உறைத்தது. அவளுடைய குடும்பத் தொழிலே ஸ்பேனரும் டிரில்லும் விற்கிற இரும்புக் கடை அல்லவா! காலையில் கடையில் துளசிராமன் பொட்டு வைத்தது எதற்கு? தராசுக்கு, கல்லாவுக்கு, கணக்கு நோட்டுக்கு. அலமாரியில் அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் ஸ்பேனருக்கா வைத்தார்?

"அண்ணே, விக்காத சாமான் ஆயுதமா, சரக்கா?"

ஏனோக் பொரி மெல்லுவதை நிறுத்தினார். நெற்றியைச் சொறிந்தார். "சரக்குதான்," என்றார் கடைசியில். "பூஜை வாங்கல இல்ல?"

"வாங்கல. உங்க கேஸ் சிலிண்டருக்குப் பொட்டு வெச்சீங்களா?"

"அது வெளிய கீது. வெக்கல."

"அப்பால இன்னா? எழுந்து வாங்க."

வீட்டு முன்கட்டில்தான் கடை; அதன் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான். ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டுத் துளசிராமன் ஓடிவந்தார். அதற்குள் புது ஸ்பேனர் செட், வெல்டிங் டார்ச், கை டிரில், அரம், பித்தளைக் கம்பி, பித்தளை ஒட்டுவதற்கான ஒரு பொட்டலம் வெங்காரம் எல்லாம் மேஜை மேல் வந்துவிட்டன.

"பொட்டியப் பிரிச்சா யார் வாங்குவா?" என்று கத்தினார்.

"பூசணி ஒடச்சீங்களே, அத யார் வாங்குவா?"

வேடிக்கை பார்க்க வந்த மஞ்சுநாத் சிரித்துவிட்டார். 

மத்தியானம் முழுக்க வேலை நடந்தது. எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையும் ஜாக்கியும் முட்டுக் கொடுத்து பிராக்கெட்டைக் கழற்றினார் ஏனோக். விரிசல் மேலே ஓடாமல் இருக்க அதன் முனையில் சின்னதாக ஓட்டை போட்டார். அரத்தால் ராவி விரிசலை வாய்க்கால் மாதிரி அகலப்படுத்தினார். "மைன்ஸ்ல ஆள எறக்கற கேஜ் சங்கிலில விரிசல் கண்டா ஒட்டறது கெடையாது, தூக்கிப் போட்டுடுவோம். ஆளு தொங்கற விஷயம். இது காரு, அதனால பண்றேன்," என்று சொல்லிக்கொண்டே கரி நெருப்பில் முழு பிராக்கெட்டையும் சூடேற்றினார். டார்ச் சீறியது. வெங்காரம் பொங்க, பித்தளை உருகி விரிசலுக்குள் மஞ்சளாக இறங்கியது. பேக்கரியிலிருந்து ரூபா டின்னில் வாங்கி வந்த சுடுசாம்பலுக்குள் அதைப் புதைத்து மூடினார்கள்.

"யாரும் தொறக்கக் கூடாது. காத்து பட்டாலே போச்சு," என்றார் ஏனோக். ரூபா டின்னைப் பூஜை அறையிலேயே வைத்துப் பூட்டினாள். அந்தச் சாவியும் இடுப்புக்குப் போனது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு டின்னைத் திறந்தார்கள். ஏனோக் பிராக்கெட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். "ஸ்பேனரால தட்டுவேன். மணி மாதிரி கேட்டா நல்லது. ஒடஞ்ச பானை மாதிரி கேட்டா உள்ள விரிசல் கீதுன்னு அர்த்தம்."

ரூபா பிராக்கெட்டைப் பார்க்கவில்லை. கணவர் முகத்தைப் பார்த்தாள்.

'டிங்.'

சத்தம் தெருக்கோடி வரை போனது. துளசிராமன் முகம் ஒரு கணம் தொங்கியது. அவள் பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம், கழுத்தெல்லாம் சிவந்தது. "ஏனோக், நீ நவுரு," என்றார். "என் வண்டி. நானே மாட்டறேன்."

விஜயதசமிக்கு உடுத்திய பட்டுக்கரை வேஷ்டியோடு காருக்கு அடியில் மல்லாந்து படுத்தார். அரை மணி நேரம் முனகலும் திட்டும் கேட்டன. பிறகு, "நட்டு இறுகிடுச்சி. ஸ்டார்ட் பண்ணு," என்று குரல் வந்தது.

"யாரு?"

"நீதான். வேற யாரு?"

எஞ்சின் ஒரே உதறலில் உயிர் பெற்று, ஆடாமல் அசையாமல் ஓடியது.  துளசிராமன் கிரீஸ் வேஷ்டியோடு சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அந்த சீட்டில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை. முட்டியை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார்.

கார் ஆண்டர்சன்பேட்டையைத் தாண்டியது. "கிளட்சு," என்றார். "தெரியும்," என்றாள். "ஆடு," என்றார். "பாத்துட்டேன்," என்றாள். பங்காருபேட்டை ரோட்டு வளைவில் எதிரே பஸ் ஒன்று அகலமாகத் திரும்பி வந்தது. ரூபா நிதானமாக ஓரம் கட்டினாள். துளசிராமனோ இருந்த பலத்தையெல்லாம் காலில் திரட்டித் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

"அங்க பிரேக் இல்லீங்க."

அவர் குனிந்து பார்த்தார். அவர் கால் இருந்த இடத்தில் மட்டும் ரப்பர் மேட் தேய்ந்து ஓட்டையாகி, அடித் தகரம் பளபளவென்று தெரிந்தது. மற்ற இடமெல்லாம் புதுசு போல இருந்தது. இவ்வளவு வருஷம் ஓட்டியும் அவர் அதைக் கண்டதே இல்லை.

"இருவத்திரண்டு வருசமா நானும் அதத்தான் மிதிச்சிக்கினு வந்தேன்," என்றாள் ரூபா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு தடவ கூட நிக்கல."

துளசிராமன் காலை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார்.