இரண்டு பொத்தான்கள்

பாழாய்ப்போன குரங்குகள் சாமைப் பெட்டியைத் திறந்து வாரி இறைத்ததால்தான், சிவசங்கரி கல்லூரி ப்ராஜெக்டுக்கே அந்தப் பூட்டை வடிவமைத்தாள். ஒரு முழ இடைவெளியில் இருக்கும் இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால்தான் திறக்கும். வகுப்பே கைதட்டியது. அதை ஜவ்வாது மலைக்குக் கொண்டுவந்து, வீட்டுப் பெட்டியில் பொருத்தினாள்.

"தொறந்து பாருப்பா."

அப்பா சின்னதம்பி ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு மற்றதைப் பார்த்தார். அவளுக்குச் சுருக்கென்றது. கரும்பாலையில் போன இடக்கை! அவர் ஒற்றைக் கையால் மண்வெட்டி பிடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு அது மறந்தே போயிருந்தது.

அவர் மண்டியிட்டு, மறு பொத்தானை நெற்றியால் அழுத்தினார். பூட்டு திறந்தது.

நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, கொரங்குக்கு ரெண்டு கை இருக்குதே?"