மாடசாமியின் சுருட்டு

கஞ்சாவைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டுத் தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றிலிருந்து மாணவர்கள் வேனில் வந்து இறங்கியபோது, அந்த ஊருக்குத் தலைகால் புரியவில்லை. உடன்குடிக்கு மேற்கே, செம்மணல் மேடான தேரியை ஒட்டிப் பனைகளுக்கு நடுவில் கிடக்கிற ஊர் அது. அதனிடம் இதுவரை ஓட்டுக் கேட்டிருக்கிறார்கள், கோயில் வரி கேட்டிருக்கிறார்கள், கருத்து மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டவுடன் ஊர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது.

வியாபாரிகள் சங்கத் தலைவர் செந்தூர்பாண்டி அண்ணாச்சி சங்கக் கட்டடத்தைத் திறந்து ஃபேனைப் போடச் சொன்னார். கருப்பட்டி மண்டிக்காரர். கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். சுடலைமாடசாமி இறங்கி ஆடுவதும் அவர் உடம்பில்தான். ஊரில் அவர் ஏற்காத பதவி ஒன்று மிச்சமிருந்தால், அப்படி ஒன்று இருப்பது அவருக்கு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

வெளிநாடுகள் சிலவற்றில் செய்ததுபோல இங்கும் கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா, மருந்துக்காக மட்டுமாவது விடலாமா என்பதுதான் கேள்வி. கூடாது என்பவர்கள் கை தூக்குங்கள் என்று வந்தவர்களில் ஒரு மாணவி சொல்லி முடிப்பதற்குள் கட்டடம் முழுக்கக் கையாகிவிட்டது. டாஸ்மாக்கிலிருந்து நேராக வந்து, நிற்பதற்கே தூணைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர், தூணை விட்டுவிட்டுக் கையைத் தூக்கிச் சரிந்து விழப் பார்த்தார். மருந்து என்ற பேச்சுக்கே செந்தூர்பாண்டி கொதித்தார். நம் பண்பாடு என்ன, இளைய தலைமுறை என்ன ஆவது என்று ஆரம்பித்து, இந்த மண்ணில் அந்த இலையின் வாடைகூட அடித்ததில்லை என்று முடித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கை தூக்காமல் நின்றவள் சந்தனமாரி ஒருத்திதான். மாவு மில் வைத்திருப்பவள். ஊர்ப் பெண்கள் அரிசியும் மிளகாயும் அரைக்க வந்து காத்திருக்கும் நேரத்தில் பேசுவதையெல்லாம் கேட்டுக் கேட்டு, ஊரின் வாய்க்கும் வயிற்றுக்கும் உள்ள தூரம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏன் தூக்கவில்லை என்று மாணவி கேட்டாள்.

"அனுமதிக்கணுமா வேண்டாமான்னு எனக்குத் தெரியாது தாயி. ஆனா இங்கன தூக்கின கையை நம்பி ஒண்ணும் எழுதிக்கிடாத" என்றாள்.

அவள் புருஷன் பேச்சிராஜா எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கியிருந்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். பெரிய வண்டியை அவ்வளவு லாவகமாகத் திருப்புகிற மனிதனுக்கு, ஊர் ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னொரு பக்கம் நிற்கத் தெரியாது. சந்தனமாரிக்கு அவன்மேல் உயிர். அவனுடைய இந்தக் குணத்தின்மேல் எரிச்சல்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் மாடசாமியின் சுருட்டு. கொடைக்குச் சுடலைமாடனுக்குப் படைக்கிற சுருட்டில் புகையிலையோடு ஒரு கிள்ளு கஞ்சாவையும் வைத்துச் சுற்றுவது அந்தக் கோயிலில் வழிவழியாக வந்த முறை. அதன் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. 'சாமி சாமான்' என்பார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்கமாட்டார்கள். சாமி இழுத்து, ஊதி, வாக்குச் சொல்லி, மலையேறும். ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டு கறிச்சோறு தின்னப் போகும்.

மாணவர்களின் வேன் கிளம்பிய அன்று சாயங்காலமே கமிட்டிக்காரர்கள் மூன்று பேரும் சந்தனமாரி வீட்டுக்கு வந்தார்கள். செந்தூர்பாண்டி, பொருளாளர் பாண்டியராஜ், செயலாளர் முத்துக்குமரன். வழக்கமாகச் சாமி சாமான் கொண்டுவருகிறவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம். லாரிக்காரனுக்கு நாலு இடம் தெரியும், இந்த வருஷம் பேச்சிராஜா பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். சங்கக் கட்டடத்தில் கை தூக்கிய வியர்வை அவர்கள் அக்குளில் இன்னும் காயவில்லை.

சந்தனமாரி முடியாது என்றாள். துறைமுகத்துக்குள் வண்டி ஓட்டப் பாஸ் வேண்டும். வருகிற மாதம் அதைப் புதுப்பிக்கப் போலீஸ் சான்று வேண்டும். பேரில் ஒரு கேஸ் இருந்தால் சான்று கிடையாது, பாஸ் கிடையாது, பிழைப்பு கிடையாது. இதையெல்லாம் அவள் எடுத்துச் சொன்னபோது மூன்று பேரும் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்கள்.

"ஏளா, இது சாமி காரியம். ஒண்ணுன்னா நாங்க விட்டுருவமா? ஊரே பின்னால நிக்கும்ளா" என்றார் செந்தூர்பாண்டி.

பேச்சிராஜா தலையை ஆட்டிவிட்டான்.

கொடையன்று காலையில், இரவு வேலை முடிந்து பைக்கில் வந்தவனை வழியில் வாகனச் சோதனையில் பிடித்தார்கள். டிபன் பாக்ஸ் மூடிக்குள் ஒரு பொட்டலம். சாமிக்கு என்று அவன் சொல்ல, கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். பிடிபட்டவர்களில் இப்படிச் சாமியைச் சாட்சிக்கு இழுத்தவன் இவன்தானாம்.

சந்தனமாரி மில்லைப் பூட்டிவிட்டு ஓடினாள். ஸ்டேஷனில் எஸ்.ஐ. ஜெயபிரியா இருந்தாள். வயது குறைவு, பேச்சு கறார், ஆனால் ஆளைப் பார்த்துப் பேசினாள். இருப்பது ஒரு கிள்ளுதான் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. கோயில் கமிட்டியில் ஒரே ஒரு ஆள் வந்து, 'கோயில் வழக்கத்துக்காக நாங்கள்தான் வாங்கிவரச் சொன்னோம், இனிமேல் செய்யமாட்டோம்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால், எச்சரித்து அனுப்பிவிடுவதாகச் சொன்னாள். சாயங்காலம்வரை பார்ப்பாள். அதற்குமேல் கேஸ்தான். காலையில் தலைவருக்குப் போன் போட்டபோது அவர் சொன்னதையும் சொன்னாள்: எங்கள் கோயிலில் அப்படி ஒரு பழக்கமே கிடையாது.

சந்தனமாரி அங்கே நிற்கவில்லை. நேராகக் கோயிலுக்கு வந்தாள். பாண்டியராஜ், தன் மகள் கல்யாணம் பேச்சில் இருக்கிறது, இந்த நேரத்தில் ஸ்டேஷன் படி ஏறினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார். முத்துக்குமரன் பள்ளிக்கூடத்தில் கிளார்க், வேலைக்கு ஆபத்தாகிவிடும் என்றார். வேலை என்பது அவருக்கு மட்டும்தான் இருக்கிறது போலும். செந்தூர்பாண்டி விரதத்தில் இருப்பதால் சாமி இறங்கும்வரை பேசக்கூடாதாம். போலீசுக்குப் போனில் பேசியபோது அந்த விரதம் எங்கே போயிருந்தது என்று அவள் கேட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நடுப்பகல் உச்சிக்கொடைக்குப் பந்தலில் நிற்க இடமில்லை. பாதுகாப்புக்கு வந்த ஜெயபிரியா வேப்பமரத்தடியில் நின்றாள். மேளம் ஏறியது. செந்தூர்பாண்டி சாமியாட்டத்துக்கான சல்லடமும் குல்லாவும் கட்டி, கையில் வல்லய ஈட்டியோடு நடுங்க ஆரம்பித்தார். பெண்கள் குலவையிட்டார்கள். சுடலைமாடன் வந்துவிட்டார்.

படைப்பு எடுத்து வைத்தார்கள். சோறு, கறி, முட்டை, செம்பில் ஊற்றிய ஒரு குவார்ட்டர் டாஸ்மாக் சாராயம், அப்புறம் சுருட்டு. சாமி சாமான் இல்லாத குறையைச் சரிக்கட்டப் பாண்டியராஜ் காய்ந்த துளசியை வைத்துச் சுற்றியிருந்தார். சாமிக்குத் தெரியவா போகிறது என்று நினைத்திருப்பார். சாமி ஆழமாக ஓர் இழுப்பு இழுத்தது. இருமியது. சுருட்டைத் தூக்கி மண்ணில் எறிந்தது.

"ஏலே, என்னத்தலே சுருட்டி வச்சிருக்கிய? எனக்குள்ளது எங்க?"

மேளம் தடுமாறியது. எல்லார் கண்ணும் வேப்பமரத்தடிக்குப் போய்வந்தது. பாண்டியராஜ் கையைக் கட்டிக்கொண்டு போய், இந்த வருஷம் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கெஞ்சினார். சாமி கேட்கவில்லை. வருஷாவருஷம் கொடுத்ததைக் கொடுக்காமல் மலையேறமாட்டேன் என்றது. பேசியது சாமியோ செந்தூர்பாண்டியோ, ருசி கண்ட நாக்கு ஒன்றுதானே. காலையில் போனில் சொன்ன பொய் அந்த நாக்குக்கு நினைவிருக்கவில்லை.

சந்தனமாரி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"உமக்குள்ளதுன்னா என்ன சாமி? எல்லாருக்கும் கேக்கும்படி பேரைச் சொல்லும்."

"கஞ்சாளா" என்றது சாமி.

அந்தப் பந்தலில் அந்தச் சொல் அதுவரை ஒலித்ததே இல்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அது ஸ்டேஷன்ல இருக்கு. உமக்காக வாங்கிட்டு வந்த மனுசனும் அங்கனதான் உக்காந்திருக்காரு. நாங்கதான் வாங்கச் சொன்னோம்னு ஒரு ஆளு வந்து சொன்னா விட்டுருவாவ. யாரு வரணும்னு வாக்குச் சொல்லும்."

ஒரு நிமிஷம் சாமியின் கண் மண்டிக்காரரின் கண்ணாக மாறியதை அவள் பார்த்தாள். தெரியாது என்று சொல்லும் சாமியை ஊர் கும்பிடாது. வல்லயம் ஒரு சுற்றுச் சுற்றியது. தன் நெஞ்சுப் பக்கம் மட்டும் வராமல், பாண்டியராஜுக்கு நேராக வந்து நின்றது.

"நீ போலே" என்றது சாமி.

சாமி வாக்கைத் தட்டமுடியாது. ஸ்டேஷனுக்கும் போகமுடியாது. பாண்டியராஜ் திருதிருவென்று விழித்தார். பிறகு அவருக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் குதித்து, நான் முண்டன் வந்திருக்கிறேன் என்று கத்தினார். முண்டன் சுடலையின் பரிவாரச் சாமி; அவர் வம்சத்தில் யாருக்கும் அதுவரை வந்ததில்லை. வந்த முண்டன் அந்த வாக்கைத் தன்மேல் வைத்துக்கொள்ளாமல், கையை நீட்டிக்கொண்டு ஆள் தேடினார். விரல் தன் பக்கம் திரும்புவதைப் பார்த்ததுமே முத்துக்குமரனும் உதறத் தொடங்கிவிட்டார். அவர்மேல் வந்தது இன்னொரு பரிவாரச் சாமி, புலமாடன். புலமாடன் யாரைக் காட்டுவாரோ என்று ஆண்கள் ஒவ்வொருவராகப் பந்தலைவிட்டுப் பின்வாங்கினார்கள். பக்தி முற்றிய பெண்கள் சிலர் இதற்கும் குலவை போட்டார்கள்.

மூன்று சாமிகளும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆடிக்கொண்டிருந்தன. சந்தனமாரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இத்தனை சாமி வந்திருக்கிய. ஸ்டேஷனுக்கு வர ஒரு மனுசன் இல்லையா?"

மேளத்தை இன்னும் பலமாக அடிக்கச் சொன்னார்கள்.

அவள் வேப்பமரத்தடிக்குப் போய், கேட்டீர்கள்தானே என்றாள். ஜெயபிரியா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஆனால் சாமி சொன்னதை எந்தக் காகிதத்தில் எழுதுவது, இறங்கி மனிதனாக வந்து சொல்லட்டும், இப்போதே விட்டுவிடுகிறேன் என்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

இன்னொரு குவார்ட்டர் வாங்கி ஊற்றியதும் சாமி சமாதானமாகி மலையேறியது. மற்ற இரண்டும் அதற்கு முன்னாலேயே, யாரும் கேட்காமலே, மலையேறியிருந்தன. செந்தூர்பாண்டி நாற்காலியில் சாய்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தபோது சந்தனமாரி அவர் முன்னால் போய் நின்றாள். நீங்களே உங்கள் வாயால் கேட்டீர்கள், அதை ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள் என்றாள். இவரிடம் போய்க் கெஞ்சவேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு உடம்பு கூசியது. இருந்தும் கெஞ்சினாள்.

"சாமி வந்து சொன்னது எனக்கு எப்படிளா தெரியும்?" என்றார் அவர்.

அதோடு முடிந்தது. சாமியாடிக்குத் தான் சொன்னது நினைவிருக்காது என்பது ஊர் அறிந்த உண்மை, அதில் யாரும் குற்றம் காணமுடியாது. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சற்றுமுன் கஞ்சா என்று காதாரக் கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம். அவளுடைய மில்லில் அன்றாடம் கதை பேசும் பெண்களும் கறிச்சோற்றுப் பந்திக்கு நகர்ந்துவிட்டார்கள்.

சாயங்காலம் கேஸ் எழுதினார்கள். ஜாமீனில் அவனை வெளியே கொண்டுவந்தாள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது, பாஸ் இனிக் கிடையாது என்பதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கோயில் முன்னால் அவன் வண்டியை நிறுத்தினான். கொடையன்று திருநீறு வாங்காமல் வீட்டுக்குப் போவது நன்றாக இருக்காது என்றான். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டான்.

செந்தூர்பாண்டி குளித்து வெள்ளைச் சட்டை போட்டு, திருநீற்றுக் கொப்பரையோடு வாசலில் நின்றார். சுற்றிலும் ஆட்கள். ஏதோ சொல்வார், ஒரு வார்த்தை, முகத்திலாவது ஒரு சின்ன வெட்கம் தெரியும் என்று சந்தனமாரி எதிர்பார்த்தாள். அவர் பேச்சிராஜாவின் நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசினார். தோளில் கை வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இனிமேலாவது இந்தக் கெட்ட பழக்கத்தை விட்டுருலே. ஊருக்கு அசிங்கம்லா? பொண்டாட்டி பிள்ளையளப் பாரு."

பேச்சிராஜா ஒரு பீடிகூடப் பிடிக்காதவன். அவன் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, "சரி அண்ணாச்சி" என்றான்.

நாள் முழுக்க ஊர்மேல் இருந்த வெறுப்பு மொத்தமும் அந்த நிமிஷம் புருஷன்மேல் திரும்பியதைச் சந்தனமாரி உணர்ந்தாள். ஸ்டேஷனிலும் பந்தலிலும் அழாதவளுக்கு இப்போது கண் நிறைந்தது. அவனைக் கையைப் பிடித்துத் தெருவிளக்கடிக்கு இழுத்துவந்து, முந்தானையால் அவன் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். அவன் பதறி, கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தான், யாராவது பார்க்கிறார்களா என்று.

"வாங்க வீட்டுக்கு. இனி மில்லுல மூட்டை தூக்குங்க" என்றாள்.