எதிரே வந்த குடம்

சின்னத்தாயி போட்டிருக்கிற கம்பளிச் சட்டை நான் போட வேண்டியது. அவள் உட்கார்ந்து போகிற ஜீப்பின் முன்சீட்டு எனக்கு வர வேண்டியது. வெளியே சொன்னால் ஊர் சிரிக்கும். அதனால் பதினைந்து வருஷமாக மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குருநாதன் என் அத்தை மகன். எழுபதாம் வருஷம் என்னைப் பெண் கேட்டு வந்தார். முழங்கை கிழிந்த ஸ்வெட்டரும் அரை ஏக்கர் பூண்டுக் காடும்தான் அப்போது அவர் சொத்து. பொழுதுக்கும் கட்சிக் கொடியைத் தூக்கிக்கொண்டு மலையேறி மலையிறங்கித் திரிவார்.

"கொடி புடிச்சுத் திரியிறவருக்குக் கஞ்சி ஊத்த என்னால ஆகாது" என்று நான்தான் சொன்னேன். உருளைக்கிழங்கு வியாபாரி ஞானவேலுக்குக் கழுத்தை நீட்டினேன். மன்னவனூர் ஆட்டுப்பண்ணையில் கூலிக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த சின்னத்தாயியை அவர் கட்டிக்கொண்டார். அவர் பஞ்சாயத்துத் தலைவரானபோதே என் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "வலிய வந்த சீதேவிய எட்டி ஒதச்சவடி நீ."

எழுபத்தேழில் கட்சி அவரைச் சட்டசபைக்கு நிறுத்தியது. மனு கொடுக்கப் பழனிக்குக் கிளம்பிய காலையில், ஊற்றிலிருந்து நான் நிறைகுடத்தோடு எதிரே வந்தேன். வேண்டுமென்று வரவில்லை. வீட்டில் தண்ணீர் இல்லை, வந்தேன். அவர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தார்.

"ஏ புள்ள, நல்ல சகுனமா வந்துட்ட!"

ஜெயித்தார். எண்பதில் மறுபடி தேர்தல் வந்தபோது, மனு கொடுப்பதற்கு முதல் நாளே சின்னத்தாயி என் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, நாளைக்கு வெள்ளனே குடத்தோட எதுர வருவீங்களாம். அவரு சொல்லச் சொன்னாரு." போனேன். அப்போதும் ஜெயித்தார். என் பேரைச் சொல்லி, அன்னக்கொடி குடம்தான் அவரை எம்.எல்.ஏ. ஆக்கியது என்று மலை முழுக்கப் பேசினார்கள். அவரிடம் எனக்கென்று இருந்த ஒரே பாத்தியதை அந்தப் பித்தளைக் குடம்தான்.

அவர்கள் டவுன் பக்கம் அட்டுவம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் லாரி பெர்மிட்டுக்காக அந்த வீட்டு வாசலில் கை கட்டி நின்றுவிட்டு வந்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன். எண்பத்து நான்கில் எங்கள் ஊருக்கு முதல் பஸ் வந்தது. சின்னத்தாயி ரிப்பனை வெட்டினாள். கத்தரிக்கோல் இருந்த தட்டை என் கையில் கொடுத்து அவள் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். புல் அறுத்த கை நறுக்கென்று ரிப்பன் வெட்டியது. எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷக் கடைசியிலேயே தேர்தல். மச்சான் என் குடத்துக்காகவே ஊருக்கு வந்து இங்கிருந்து கிளம்புவதாக ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். காலையில் ஊற்றுக்குப் போனேன். மழை விட்டு மூன்று நாளாகியிருந்தது, பாதை காய்ந்து கிடந்தது. நான் தண்ணீர் முகரவே இல்லை. குடத்தின் வாயில் சொம்பைக் கவிழ்த்து, இடுப்பில் வைத்து, பாரம் தாங்காதவள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தேன். காலிக் குடம் எதிரே வந்தால் போன காரியம் விளங்காது. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

ஜீப் நின்றது. மச்சான் என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, "வந்துட்டியா தாயி" என்றார். சின்னத்தாயி முன்சீட்டிலிருந்து என்னையே பார்த்தாள். ஜீப் வளைவில் மறைந்தது. தோற்கட்டும் என்று நினைத்தேன். ஐயோ, தோற்றுவிடுவாரோ என்றும் நினைத்தேன். ஓட்டு எண்ணுகிற நாள் வரைக்கும் இந்த இரண்டு நினைப்பும் என்னைத் தூங்கவிடவில்லை.

முந்தின இரண்டு தடவையையும்விட அதிக ஓட்டில் ஜெயித்தார்.

கொட்டு முழக்கத்தோடு ஊருக்கு வந்தார்கள். மச்சான் மைக்கைப் பிடித்து, "எல்லாம் எங்க அன்னக்கொடி குடத்து ராசி!" என்றார். சனம் கைதட்டியது. எனக்கு ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். உடம்பெல்லாம் நெருப்பாகத் தகித்தது. என் குடம் இல்லாமலே இந்த மனுஷன் ஜெயிப்பார். முதல் தடவையும் அப்படித்தான் ஜெயித்திருப்பார். பிடித்துக்கொண்டிருந்த ஒன்றையும் நானே போட்டு உடைத்துவிட்டேன்.

கூட்டம் கலைந்தபோது சின்னத்தாயி பக்கத்தில் வந்து, நழுவின பொன்னாடையை இழுத்து என் தோளில் சரிசெய்தாள்.

"அன்னிக்கு ஒங்க இடுப்புச் சேல நனையலையேக்கா" என்றாள் மெதுவாக.

நான் பொன்னாடையின் நுனியை இழுத்து இடுப்பை மறைத்தேன்.

"நானும் இதே ஊத்துல தண்ணி சொமந்தவதான. நெறகுடத்தோட மேட்டுல அம்புட்டு வெரசா ஏற முடியுமா?"

"அவர்ட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லல. சொன்னா மனுக் குடுக்காமத் திரும்பியிருப்பாரு. அவருக்கு ஒங்க குடத்து மேல அம்புட்டு நம்பிக்க." ஜீப்பில் ஆரன் அடித்தார்கள். போக இரண்டடி எடுத்து வைத்தவள் திரும்பினாள். "அடுத்த தடவையும் வந்துருங்கக்கா. பாரமா இருந்தாக் காலிக் குடமே போதும். நான் சொல்ல மாட்டேன்."

அவள் சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சண்டையாவது போட்டிருப்பேன்.