அருவிக்குப் போகிற வழியில் ஒரு மாமனார் வீடு

கொல்லிமலையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று எங்களைக் கூட்டிக்கொண்டு போன சென்றாயன், நேராகத் தன் மாமனார் வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டான். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது அருவி. அவனுக்கு வேண்டியிருந்தது கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டி. அவனுக்கு என் தேவை தெரியும், எனக்கு அவன் தேவை தெரியாது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊர்ப்பக்கம் ஓடிவந்த வருஷம் அது. எங்களுக்குப் புளியஞ்சோலைக்குக் கிழக்கே தோட்டம். கிணற்றுமேட்டில் நின்றால் மலை முழுக்கத் தெரியும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், "மேல பெரிய அருவி இருக்குது ராசாமணி, ஒரு நாளைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். பிறகு நடவு வந்தது, கடலை வெட்டு வந்தது, கிணறு தூர் வாருவது வந்தது. பெரிய மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலமும் வந்துவிட்டது, அருவி மட்டும் வரவில்லை. அந்தத் தை மாதம் ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "மெட்ராசுக்காரங்க எல்லாம் மலை பாத்துட்டுப் போறாங்க. இந்த வாட்டி நான் தனியாவாச்சும் போறேனுங்க" என்றேன். நான் சொன்னால் செய்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். அடுத்த சந்தைக்குப் போனவர் சென்றாயனைப் பேசி முடித்துவிட்டு வந்தார்.

சென்றாயன் மேலே வளப்பூர் நாட்டுக்காரன். சந்தைக்கு மிளகு கொண்டுவருவான். மலை பார்க்க யார் வந்தாலும், துரைமாராக இருந்தாலும், அவன்தான் கூட்டிப்போய்க் காட்டுவான் என்று பேர். விடிந்தும் விடியாததுமாகப் புளியஞ்சோலை ஆற்றோரம் கருப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றான். எங்கள் கட்டுச்சோற்று மூட்டையை வாங்கித் தோளில் போட்டான். வாயைத் திறந்தவன் பிறகு மூடவேயில்லை.

"இது ஓரி ராசா குதிரை தண்ணி குடிச்ச எடமுங்க." கொஞ்ச தூரம் போனதும், "இந்தப் பாறையில ஓரி ராசா உக்காந்து வில்லுக்கு நாண் ஏத்துனாருங்க." இன்னும் கொஞ்சம் மேலே, "இங்கதானுங்க ராசா படுத்து எந்திரிச்சது." எனக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "ஏப்பா, உங்க ராசா ஆட்சி ஏதாச்சும் செஞ்சாரா, இல்ல மலை பூராவும் உக்காந்து உக்காந்து எந்திரிச்சாரா?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். சென்றாயனும் சிரித்தான். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்புக்காகவே அவன் சொன்ன பொய்யெல்லாம் நிஜமாக இருக்கட்டும் என்று தோன்றியது.

"ஊட்டுல சம்சாரம் என்ன பண்றா?" என்றேன் பேச்சுவாக்கில்.

அப்போதுதான் அவன் வாய் மூடியது. "அவங்கப்பன் ஊட்டுக்குப் போயிருக்கறாளுங்க" என்றான். "சாமை அறுப்பு முடிஞ்ச அன்னிக்குப் போனா." அறுப்பு முடிந்து பொங்கலும் போய்விட்டது. சும்மா போன போக்கு இல்லை என்று புரிந்தது. அவன் முகத்தைப் பார்த்து மேலே கேட்காமல் விட்டேன். நான் ஒன்றைக் கேட்காமல் விடுவது அதிசயம். என் வீட்டுக்காரரே திரும்பிப் பார்த்தார்.

பாதி மலையில் ஓர் ஊற்றுக்கருகில் இளைப்பாறினோம். எழுந்து நடக்கும்போது அவருடைய வெற்றிலைப் பையைக் காணோம். சிவப்புக் கயிறு கோத்த சுருக்குப் பை. அதை இடுப்பில் செருகாமல் அவர் வாசல்படி தாண்டமாட்டார். உட்கார்ந்த இடம், முகம் கழுவிய இடம், புதர் என்று எல்லாம் தேடினோம். சென்றாயன்தான் எல்லோரையும் விட அதிகமாகத் தேடினான். "போச்சுங்க, குரங்கு தூக்கிருக்குமுங்க" என்று முடிவும் சொன்னான். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு ராசாவும் தெரியவில்லை, குதிரையும் தெரியவில்லை. வெற்றிலை இல்லாவிட்டால் அவர் கைப்பிள்ளையைவிட மோசம். மலை உச்சிக்கு வந்து, கண்ணுக்கெட்டிய தூரம் மடிப்பு மடிப்பாக வயலும் தோப்பும் தெரிந்தபோதுகூட, "இங்க யாரூட்லயாவது வெத்தலை இருக்குமா?" என்றுதான் கேட்டார்.

"இருக்குமுங்க, போற வழிதானுங்க" என்றான் சென்றாயன்.

போற வழி என்றவன் ஒற்றையடிப் பாதையில் திரும்பினான். ஓர் ஏற்றம், ஓர் இறக்கம், ஓர் ஓடை. அருவி ஒரு பக்கமும் நாங்கள் ஒரு பக்கமும் போவதுபோல எனக்குப் பட்டது. "இது எந்த ஊருப்பா?" என்றேன். "திண்ணனூர் நாட்டுப் பக்கமுங்க. குறுக்கு வழி" என்றான். அவன் நடை மாறிவிட்டிருந்தது. சுனைத் தண்ணீரில் தலையை நனைத்து விரலாலேயே வாரிக்கொண்டான். வழிகாட்டுகிறவன் எதற்குத் தலை வாருகிறான் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பலாமரத்தடியில் புல் வேய்ந்த ஒரு வீடு. வாசலில் பெரியவர் ஒருவர் அவரைக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அப்பாசாமி என்று பேர். சென்றாயனைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது. எங்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். பாய் விரித்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் வெற்றிலையும் பாக்கும் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்த கை எடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளிவிட்டார்.

அப்பாசாமி நீளமாக ஒரு மூச்சு விட்டார். சென்றாயன் அப்படியே தரையில் விழுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர் வாயில் வெற்றிலையோடு என்னைப் பார்க்கிறார். வெளியே துப்பவும் முடியாது, மெல்லவும் பயம்.

"சரி. வெத்தலை எடுத்துட்டீங்க. இனி அவன் பொறுப்பு உங்களுதுங்க" என்றார் அப்பாசாமி.

"என்ன பொறுப்புங்க?"

"உங்களுக்குச் சொல்லலீங்களா? கோவிச்சுக்கிட்டு வந்த பொண்ணைக் கூப்புட எங்க வளவு சனத்துல புருசன் தனியா வரப்படாதுங்க. நல்லா குடும்பம் பண்ற சோடி ஒண்ணு கூட வரோணும். அவங்க வெத்தலை எடுத்துட்டா, இனிமே எல்லாஞ் சரியா நடக்கும்னு ஒப்புக்கிட்டதாச்சு. நாளைக்கு இவன் மறுபடி ஏறுமாறா நடந்தான்னா, நான் இவனைக் கேக்கமாட்டேன். உங்க களத்துல வந்து உக்காந்துக்குவேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "ஏண்டா, மலை காட்டறேன்னு எங்களைப் புடிச்சாந்து பொணை வெச்சிட்டயா?" என்று எழுந்து நின்றேன். இத்தனை வருஷம் காத்திருந்த அருவி, ஒரே ஒரு நாள், அதுவும் இவன் மாமனார் வாசலில் கரைகிறது!

"எங்க நாட்டுல எல்லாருகிட்டயும் கேட்டுப் பாத்துட்டனுங்க" என்றான் தரையிலிருந்தே. "ஒருத்தரும் வரமாட்டேன்னுட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் சந்தையில பேசிக்கிட்டதைப் போன மாசம் பாத்தனுங்க. அம்மிணி திட்டுனீங்க, அய்யா சிரிச்சாரு. இவங்களைக் கூட்டிக்கிட்டுப் போனா பாவாயி வருவான்னு தோணுச்சுங்க."

என் வீட்டுக்காரர் மெதுவாக மெல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் பார்த்தேன். விழுந்து எழுந்ததில் சென்றாயனின் கம்பளி விலகியிருந்தது. இடுப்பில் சிவப்புக் கயிறு தொங்கியது. நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, கெஞ்சுகிற கண்ணோடு நின்றான். நான் வாயைத் திறந்தால் போதும், எடுத்த வெற்றிலை செல்லாது.

விறுவிறுவென்று வீட்டுக்குள் போனேன்.

பாவாயி அடுப்படியில் சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இளையவள், கறுத்த களையான முகம். வெளியில் பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. அழுது முடித்த கண்.

"ஏன் கண்ணு வந்துட்டே? அடிச்சானா?"

"அடிச்சாக்கூட திருப்பி அடிப்பனுங்க" என்றாள். "அறுப்பு நேரத்துல கருதைப் போட்டுட்டு, பட்டணத்துக்காரங்களுக்கு அருவி காட்டப் போறேன்னு கெளம்புனாருங்க. நானும் வாரேன், ஒருக்கா காட்டுங்கன்னேன். 'தெனமும் பாக்கற மலைதானே, உனக்கெதுக்கு'ன்னுட்டாரு. நான் எங்கீங்க பாத்தேன்? காடு, ஊடு, சொமை. கல்யாணமான நாள்லருந்து அந்த அருவிச் சத்தத்துலதான் தூங்கறேன். கண்ணால பாத்ததில்லீங்க."

கிணற்றுமேட்டில் நின்று மலையைப் பார்த்த அத்தனை நாளும் நினைவுக்கு வந்தது. இவளை எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

அதனால் உண்மையைச் சொல்லிவிட்டேன். "இந்தா கண்ணு, ஒண்ணு சொல்றேன். எங்களுக்கு உங்க வளமொறை ஒண்ணுந் தெரியாது. உம் புருசன் எங்க ஊட்டுக்காரரு வெத்தலைப் பையைத் திருடி ஒளிச்சு வெச்சிருக்கறான். வெத்தலைக்கு ஏங்கட்டும், தட்டைப் பாத்ததும் எடுத்துப்போடட்டும்னு. இந்தப் பொணை செல்லாது. உங்கப்பன்கிட்டச் சொல்லோணும்னா சொல்லிக்க."

பாவாயி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "திருடுனாரா? எனக்காவா?" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெளியே மூன்று ஆண்களும் என்ன நினைத்தார்களோ தெரியாது.

சிரித்து முடித்ததும் அவள் முகம் மறுபடி உறுதியானது. வாசலுக்கு வந்து அப்பனிடம் சொன்னாள், புருஷனைப் பார்க்காமல். "இவங்க கூட அருவி வரைக்கும் போறேன். பாத்துட்டு, அவங்க ஊட்டுக்குப் போறனா, இங்க திரும்பி வாறனான்னு அங்க சொல்றேன்."

"வெத்தலை எடுத்தாச்சேம்மா" என்றார் அப்பாசாமி.

"வெத்தலை எடுத்தது அவங்க. நடக்கற காலு என்னுதுங்க."

சாமைச் சோறும் அவரைக் குழம்பும் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றுவிட்டார் பெரியவர். சாப்பிட்டுவிட்டு நால்வரும் கிளம்பினோம். சென்றாயன் முன்னால் போனான். எத்தனையோ பாறைகள் வந்தன, ஒன்றில்கூட ராசா உட்காரவில்லை. பாவாயி எனக்குப் பக்கத்தில் வேலியோர மிளகுக்கொடியைத் தடவிக்கொண்டே நடந்தாள். அறப்பளீசுவரர் கோயிலை வெளியிலிருந்தே கும்பிட்டோம். "எங்க ரெண்டு பேரையும் காட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டே, நல்லபடியா முடிச்சுக் குடு" என்று சாமியிடம் கேட்டேன். எனக்குத்தான் கேட்டேனா, அவளுக்குத்தான் கேட்டேனா, எனக்கே தெரியாது.

பிறகு இறக்கம். பாறையைப் பிடித்து, வேரைப் பிடித்து, சில இடத்தில் உட்கார்ந்து நகர்ந்து. வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இறக்கினார். நாலு பேர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. சத்தம் கூடிக்கொண்டே வந்தது. ஒரு திருப்பத்தில் காற்று ஈரமாக மூஞ்சியில் அடித்தது. நிமிர்ந்தோம்.

எவ்வளவு தண்ணீர்! வானத்திலிருந்து கொட்டுகிற மாதிரி என்று எல்லாரும் சொல்வார்கள், எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாவாயியின் ஞாபகமே வந்தது.

அவள் சாரலில் நனைந்தபடி அசையாமல் நின்றாள். சென்றாயன் நாலடி தள்ளி நின்றான். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அருவியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"சொல்லுப்பா, எங்களுக்கெல்லாம் சொன்னயே, அவளுக்குச் சொல்லு" என்று கத்தினேன்.

அவன் கையை நீட்டினான். மலை முழுக்க ராசாவை உட்கார வைத்தவனுக்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. "இது... தண்ணிங்க" என்றான்.

பெண்டாட்டியை 'ங்க' போட்டுப் பேசிவிட்டான். பாவாயி திரும்பி அவனைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் கையை நான் நசுக்கிக்கொண்டிருந்தேன்.

"இத்தன வருசமா நம்மூட்டுக்குள்ள கேட்ட சத்தம் இதானுங்களா?" என்றாள்.

நம்ம வீடு. அப்பன் வாசலில் அவள் 'அவங்க ஊடு' என்றுதான் சொன்னாள்.

சென்றாயன் கம்பளியால் முகத்தை மூடிக்கொண்டான். சாரலைத் துடைப்பதாகவே நாங்கள் நம்பிவிட்டோம் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். திரும்பிப் பார்த்தபோது பாவாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விழுகிற இடத்துக்கு இன்னும் கிட்டே போய்க்கொண்டிருந்தாள். அவள்தான் முன்னால் போனாள்.

மேலே ஏறி வந்ததும் சிவப்புக் கயிற்றுப் பையை என் வீட்டுக்காரரிடம் நீட்டினான். "பாறையிடுக்குல கெடந்துச்சுங்க. குரங்கு போட்டுட்டுப் போயிருக்கும்."

"நல்ல குரங்கு" என்றார் அவர், சந்தோஷமாக.

பாவாயி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். குரங்கு யாரென்று இன்றைக்கு வரைக்கும் அவரிடம் நான் சொல்லவில்லை. அப்பாசாமியும் எங்கள் களத்தில் வந்து உட்காரவில்லை.