செவ்வாய் ரத்தம், வெள்ளி ரத்தம்

மொந்தெவிதேயோவில் எங்கள் மருத்துவமனையின் அடித்தளத்தில், சலவை அறைக்கும் உடைந்த சக்கர நாற்காலிகளுக்கும் நடுவே இருக்கிறது புள்ளியியல் உதவிப் பிரிவு. பிரிவு என்றால் நான்தான், வால்டெமார். பதினேழு வருடங்களாகப் புற்றுநோய் ஆராய்ச்சிகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். மேலே மூன்று வருடம் ஆராய்ச்சி செய்து, முடிவையும் எழுதிவிட்டு, கடைசி வாரத்தில் கீழே அனுப்புவார்கள். பந்தி முடிந்த பிறகு உப்புப் பார்க்கச் சொல்வது போல.

இந்தத் தடவை அனுப்பியவர் இயக்குநர் டாக்டர் வாஷிங்டன் எச்செவெரி. ஒரு குப்பி ரத்தத்தில் நாற்பத்தொரு மரபணுக்களின் அளவைப் பார்த்துக் கணையப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் சூத்திரம். நூற்றெண்பது பேரின் ரத்தம். அதை வெளியிட வியாழக்கிழமை மந்திரி வருகிறார். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. என் வேலை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. அதைப் புதுப்பிக்கும் கையெழுத்து அவருடையது.

சூத்திரம் தொண்ணூற்றெட்டு சதவீதம் சரியாக இருந்தது. இவ்வளவு சரியான எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்ததுமே, எங்கோ தப்பு இருக்கிறது என்று அலுப்பு வந்தது. பரிசோதனைக்கூடத்து நெல்பாவைக் கூப்பிட்டேன். மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குவளையும் வெந்நீர்க் குடுவையுமாக வந்தாள்.

"நோயில்லாதவங்க ரத்தத்த என்னிக்கு மெஷின்ல ஏத்தின?"

"செவ்வாக்கெழம."

"நோயாளிங்களோடது?"

"வெள்ளிக்கெழம. வியாழந்தானே அவங்க வர்ற நாளு."

"நடுவுல?"

"புதன்கெழம மெஷினக் கழுவி, புது ரசாயனம் ஊத்துவேன்." குவளையை நீட்டிய கை அப்படியே நின்றது. "போச்சு."

"எல்லா வாரமுமா?"

"எல்லா வாரமும்."

பஸ் வேலைநிறுத்தம் நடந்த ஒரு செவ்வாயன்று விட்டுப்போன ஆறு ஊழியர்கள், நோயில்லாதவர்கள், வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்திருந்தார்கள். தாமதமாக வந்ததால் சூத்திரம் தயாரித்தபோது அவர்களைச் சேர்க்கவில்லை. இப்போது போட்டுப் பார்த்தேன். ஆறு பேருக்கும் கணையப் புற்றுநோய் என்றது.

"அதுல நானும் ஒருத்தி," என்றாள் நெல்பா. "மொதல் நம்பரப் பாரு."

001. பட்டியலில் பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும்தான். ஆனால் 001 யாரென்று வாசல் காவலருக்கும் தெரியும். முதல் எண் தனக்குத்தான் வேண்டும் என்று இயக்குநர் கேட்டு வாங்கியிருந்தார். அவர் ரத்தம் கொடுப்பதைப் படம் எடுக்க வேண்டியவர் வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்டதால், இயக்குநர் கை நீட்டியதும் வெள்ளிக்கிழமைதான்.

புதன்கிழமை, நெல்பாவும் என்னுடன் இருந்தபோது, அவரே படியிறங்கி வந்தார். பதினேழு வருடத்தில் இது இரண்டாவது முறை. முதல் முறை, வழி தவறி வந்தார்.

"என்னப்பா வால்டெமார், ஒரு கையெழுத்துக்கு இவ்ளோ யோசிக்கிற ஆள இப்பதான் பாக்கறேன்."

"சூத்திரம் நோயக் கண்டுபிடிக்கல டாக்டர். கெழமையக் கண்டுபிடிக்குது." புது ரசாயனம் ஊற்றியதும் எல்லா அளவும் மாறிவிடுவதை விளக்கினேன். ஆறு பேரைப் பற்றியும் சொன்னேன்.

"ஆறு பேருதானே? அவங்களுக்கே தெரியாம நோய் இருக்கலாமில்ல? முன்கூட்டியே கண்டுபிடிச்சிட்டோம்னு எழுது. மந்திரிக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும்."

"எழுதறேன். இந்தாங்க, பட்டியல்."

கண்ணாடியைப் போட்டு முதல் வரியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு உடைந்த சக்கர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார்.

"இது…"

"நீங்கதான். நோய் இருக்க வாய்ப்பு தொண்ணூத்தேழு சதவீதம்."

பக்கத்து அறையில் சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது தப்பு," என்றார்.

"அதத்தான் நானும் சொல்றேன் டாக்டர்."

"இந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டா?"

"மிச்சம் அஞ்சு பேர் இருக்காங்க. இதோ, நெல்பா."

"எனக்கு எம்பத்தொம்பதுதான் டாக்டர்," என்றாள் அவள். "உங்க அளவுக்கு இல்ல."

மந்திரியின் வருகை 'கருவிப் பராமரிப்பு காரணமாக' தள்ளிப்போனது. தன் சூத்திரத்தை இயக்குநர் நம்பவில்லை. ஆனாலும் அன்று பிற்பகல், முதுகுப் பக்கம் திறந்த நோயாளி அங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஸ்கேன் வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்றதை நெல்பா பார்த்தாள். கணையம் சுத்தமாக இருந்தது. ஸ்கேன் முடிவைப் படித்துக் காட்டிய பெண்ணிடம் இன்னொரு முறை படிக்கச் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை வந்தது. இயக்குநர் தம் கூர்ந்த பார்வையால் ஒரு குறையைக் கண்டறிந்துள்ளார். நூற்றெண்பது பேரிடமும் மறுபடி ரத்தம் எடுக்கப்படும். இனி எல்லா நாளும் இரு தரப்பையும் கலந்தே கருவியில் ஏற்ற வேண்டும். அத்தனையையும் திரும்பக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமல்லவா, அதனால் என் ஒப்பந்தமும் நீண்டது. ஆறு மாதம்.

அடியில் பேனாவால் ஒரு வரி: '001 என்ற எண்ணை வேறு யாருக்காவது கொடுக்கவும்.'

நெல்பா படித்துவிட்டுக் குவளையில் வெந்நீர் ஊற்றினாள்.

"ஒனக்கு வேணுமா?"

"மாத்தேயா, நம்பரா?"

"நம்பரு."

"மாத்தேயக் குடு," என்றேன்.