கொசுறாக ஒட்டிய ஃபிலிம்

காலையிலிருந்தே மான்ஹோ குழைந்துகொண்டிருந்தான். பெண்டாட்டி ஹேரானை அடித்துவிட்டால் அவனுக்கு இப்படி நாலைந்து நாள் ஓடும். மாட்டெலும்பு சூப் வாங்கிக் கொடுப்பான். தன் கிண்ணத்துக் கறியையும் எடுத்து அவள் கிண்ணத்தில் போடுவான். இந்த முறை புது லேப்டாப்பே வாங்கித் தருகிறேன் என்று புச்சானிலிருந்து ரயிலேறி யோங்சான் எலக்ட்ரானிக்ஸ் சந்தைக்கே கூட்டி வந்துவிட்டான்.

தரமாட்டானா பின்னே? பழையதை உடைத்தவன் அவன்தானே! ஹேரான் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கும்போதே மூடியை ஓங்கிச் சாத்தினான். கீல் முறிந்தது, திரை விரிசல் விட்டது, நடுவில் மாட்டிய அவள் மோதிர விரலும் முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டரிடம் கார் கதவு என்று சொல்லிவைத்தாள். அந்த மகானுபாவரும் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஹேரானுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. கோர்ட்டில் சாட்சியாகக் கொடுக்கிற ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கித் தரவேண்டும். காதில் எந்நேரமும் ஹெட்ஃபோன். மேசை சுவரைப் பார்த்து இருக்கும், முதுகுக்குப் பின்னால் கூடம். கீழ்வீட்டுக்காரர் காலடிச் சத்தம் தாங்கவில்லை என்று இன்டர்காமில் கத்திக் கத்தி, கடைசியில் மான்ஹோ வீடு முழுக்கக் கனத்த பஞ்சுப் பாயை விரித்துவிட்டான். அந்தப் பாயில் யானை நடந்தாலும் கேட்காது. வசந்தத்தில் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியதிலிருந்து பகலெல்லாம் அவன் அந்தப் பாயின் மேல்தான் நடமாடினான். பின்னால் வந்து நின்று, அவள் என்ன எழுதுகிறாள் என்று தோளுக்கு மேல் படிப்பான்.

அவளைக் காப்பாற்றியது பழைய லேப்டாப்பின் பளபளப்பான திரை. பின்புலத்தைக் கறுப்பாக்கி வைத்துக்கொண்டால் கூடத்து விளக்கு, சோபா, வாசற்படி எல்லாம் அதில் தெரியும். அவன் நிழல் ஆடினால் போதும், ஒரு சொடுக்கில் மூடிவிடுவாள். எதை? அக்காவோடு பேசுகிற சின்ன ஜன்னலை. அவனுக்குத் தெரியாத ஒரு கணக்கில் அதைத் திறந்து வைத்திருந்தாள். அக்கா குன்சானில் நண்டு ஊறவைத்து விற்கிற கடையில் வேலை பார்க்கிறாள். தங்கைக்கு ஒரு அறையும் அதே கடையில் ஒரு வேலையும் பேசி வைத்திருந்தாள். சூசொக் என்கிற அறுவடைப் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு மான்ஹோ சொந்த ஊருக்குப் போய்விடுவான், மூதாதையர் சமாதியில் புல் வெட்ட. ஆம்பிளைகள் மட்டும் போகிற வேலை. விடிவதற்குள் கிளம்பினால் இருட்டித்தான் வருவான். அன்றைக்கு ஹேரான் போய்விடவேண்டும். அதுவரை அக்காவோடு பேச வழி வேண்டும். அடித்த அன்று அவன் கண்ணில் பட்டது வெறும் கோர்ட் வேலைதான், அதை முடிக்காமல் சோறு போட வரவில்லை என்றுதான் அடித்தான். அக்கா விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தால் விரலோடு போயிருக்குமா!

இப்போது பாங் என்பவரின் கடையில் இரண்டு லேப்டாப்கள் பக்கத்தில் பக்கத்தில் திறந்திருந்தன. விலை ஒன்றே, உள்ளே இருப்பதும் ஒன்றே, திரை மட்டும் வேறு. பாங்குக்கு ஐம்பது வயதிருக்கும், தொப்பை, ஓயாத வாய். பக்கத்துக் கடைகளெல்லாம் காலியாகிக் கிடந்ததில், வந்த வாடிக்கையாளரை விடக்கூடாது என்று காகிதக் கோப்பையில் காப்பி கலந்து நீட்டினார்.

“வேலைக்குன்னா மங்கலா இருக்கற இந்த மேட்தான் சார், கண்ண மூடிக்கிட்டு எடுங்க. பளபளக்கற கிளாஸியெல்லாம் சினிமா பாக்கறவங்களுக்கு. அதுல லைட் அடிக்கும், நம்ம மூஞ்சியே தெரியும், பின்னாடி போறவன் வர்றவன் எல்லாம் தெரிவான். அப்புறம் எங்க வேலை பாக்கறது?”

ஹேரான் பளபளப்பான திரையின் பக்கம் நகர்ந்துகொண்டாள். இந்த மனுஷன் வாயை யாராவது அடைக்கமாட்டார்களா!

“எனக்கு இந்தப் பளபளன்னு இருக்கறதுதாங்க பிடிச்சிருக்கு” என்றாள், ஆசைப்பட்டுக் கேட்கிற மாதிரி குரலை வைத்துக்கொண்டு. “கலர் நல்லா இருக்கு.”

மான்ஹோ சிரித்தான். “எழுத்து அடிக்கறதுக்கு உனக்குக் கலர் எதுக்குடி?”

“சாயங்காலம் நாடகம் பாக்கலாமில்ல.”

“நீ நாடகம் பாத்து நான் பாத்ததே இல்லையே.”

“பழசுல எங்க பாக்கறது? புதுசு வந்தா பாப்பேன்.”

“மேடம், ஒரு நிமிஷம் இதுல பாருங்க” என்று பாங் மங்கல் திரையை அவள் பக்கம் திருப்பினார். “எவ்வளவு சாந்தமா இருக்கு! எங்க வீட்டம்மாவுக்குக் கண்ணு எரிச்சல், தலைவலி. இதை மாத்திக் குடுத்தேன், போயே போச்சு.”

ஹேரான் பார்த்தாள். அதில் அவளும் இல்லை, மான்ஹோவும் இல்லை. கடையின் அத்தனை குழல் விளக்குகளும் ஒரு வெளிர்ப் படலமாகக் கரைந்து கிடந்தன. இந்தச் சனியனை மேசையில் வைத்தால் ஞாயிறு வரை அவள் குருடிதான்.

“இல்லீங்க, இதுவே இருக்கட்டும்” என்றாள்.

மான்ஹோ அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கையை விரித்தான். “விடுங்க பாங். அவ கேட்டதையே குடுங்க. இன்னிக்கு அவ ராஜ்யம்.”

அப்பாடா! ஹேரான் காகிதக் கோப்பையை எடுத்து ஒரு வாய் காப்பி குடித்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். பாவம், அந்தச் சந்தோஷம் காப்பி ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை.

பாங் கொசுறுகளை எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தார். ஒரு மவுஸ், ஒரு பை, துடைக்கிற துணி. அந்தச் சந்தையில் கொசுறு கொடுக்காதவன் வியாபாரியே இல்லை. வாங்கிக்கொள்ளாதவரும் கிடையாது. பல் தேய்க்கிற பிரஷ் கொடுத்தால்கூட இரண்டாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். கடைசியாக இழுப்பறையிலிருந்து ஒரு அட்டை உறையை உருவினார்.

“மேடத்துக்குப் பிடிச்ச கிளாஸியே எடுத்துக்கிட்டாங்க. ஆனா கண்ணு பாவமில்லையா? மேல மேட் ஃபிலிம் ஒட்டித் தர்றேன். ரெண்டும் ஆச்சு. காசு வேணாம் சார், நம்ம கடைக் கொசுறு.” சொல்லிக்கொண்டே பின்தாளை உரித்துவிட்டார்.

“வேண்டாம்!”

கத்திவிட்டாள். கத்தியது மட்டுமா, கட்டுப் போட்ட கையைக் கொண்டுபோய்த் திரைக்கு முன்னால் மறித்துவிட்டாள். உரித்த ஃபிலிமை இரண்டு கையிலும் பிடித்தபடி பாங் அசந்து நின்றார்.

“என்னம்மா இது? இத்தனை வருஷக் கடைல கொசுறை வேணாம்னு சொன்ன ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்!”

மான்ஹோ சிரிக்கவில்லை. காலையிலிருந்து முகத்தில் ஒட்டிவைத்திருந்த குழைவு அப்படியே கழன்று விழுந்துவிட்டது.

“ஏன் வேணாம்?”

“கலர் மங்கிடுமேன்னு…”

“சும்மா குடுக்கறாரு. பிடிக்கலேன்னா வீட்ல போய் உரிச்சுக்க வேண்டியதுதானே. எதுக்கு அப்படிக் கத்தினே?”

மான்ஹோ ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பளபளப்பான லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தான். அது அணைந்திருந்தது. அவள் மேசைமுன் எப்படி உட்காருவாளோ அப்படியே, முதுகை வளைத்து, கைகளைப் பொத்தான்களின் மேல் வைத்துக்கொண்டு பார்த்தான். அவள் அவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கறுத்த கண்ணாடியில் அவன் முகம், அதன் தோளுக்கு மேல் அவள் முகம். இரண்டு பேர் கண்ணும் அதில் முட்டிக்கொண்டன.

அவன் மெல்ல வலது கையைத் தூக்கினான். பிடரியைச் சொறியத்தான். கண்ணாடிக்குள் அவள் தலை வெட்டென்று பின்னால் போனது. அதையும் அவன் பார்த்தான்.

“ஓகோ” என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அதற்குள் எல்லாம் இருந்தது. எத்தனை மாதம், எத்தனை தடவை, தான் வந்து நின்றபோதெல்லாம் அவள் எப்படித் தற்செயலாக ஒரு விசையைத் தட்டினாள் என்பதெல்லாம் அவன் மண்டைக்குள் ஒவ்வொன்றாக இடம் பிடித்து உட்கார்வதை ஹேரான் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஒட்டுங்க பாங்” என்று எழுந்தான்.

பாங் மேல் விளிம்பில் தொடங்கி, பிளாஸ்டிக் அட்டையால் காற்றுக் குமிழியைத் தள்ளித் தள்ளி ஒட்டிக்கொண்டு வந்தார். கைவேலை சுத்தம். ஒரு தூசி இல்லை. முதலில் விளக்குகள் போயின, பிறகு அவள் நெற்றி, பிறகு அவன் தோள். “பாத்தீங்களா, எவ்வளவு சாந்தம்!” என்று அவர் நிமிர்ந்தபோது திரையில் யாரும் இல்லை.

சந்தையிலிருந்து ரயில் நிலையத்துக்கு மேம்பாலத்தில் நடந்தார்கள். பெட்டியை மான்ஹோ தூக்கிக்கொண்டான். அவன் கத்தவில்லை, திட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

“ஞாயித்துக்கிழமை புல்லு வெட்ட நான் போகல” என்றான் நடந்துகொண்டே. “தம்பி பாத்துக்குவான். நாம ரெண்டு பேரும் வீட்ல உக்காந்து இதை செட் பண்ணலாம்.”

“மூதாதையர் காரியமாச்சேங்க. அத்தை கோவிச்சுக்குவாங்க.”

“கோவிச்சுக்கட்டும். பழைய லேப்டாப்பையும் ரிப்பேருக்குக் குடுக்கறேன். அதுல என்னென்ன இருக்குன்னு பாத்து எடுத்துத் தருவாங்களாம். உனக்கு வேலைக்கு ஆகும்ல?”

“ஆகும்” என்றாள். வேறு என்ன சொல்வாள்?

இனி ஞாயிறு என்று ஒன்று இல்லை. பழைய லேப்டாப்பைத் திறந்தால் அக்கா, அறை, வேலை எல்லாம் வெளியே வந்துவிடும். இன்றைக்கு ராத்திரியே அவன் கேட்கத் தொடங்கலாம். கேட்டால் சொல்லிவிடுவாள், அவளுக்கே அது தெரியும். எத்தனை நாள்தான் உடம்பு தாங்கும்?

நிலையத்தின் பெரிய கூடத்தில் நடைமேடைப் பலகைகள் வரிசையாக எரிந்தன. புச்சானுக்கு ஒரு பக்கம். மறுபக்கம் தெற்கே போகிற ரயில்கள். அதில் ஒன்று குன்சான் வழி. புறப்படத் தயார் என்று எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வந்தபோதும் அந்தப் பலகை அங்கேதான் இருந்தது, அவள்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பாத்ரூம் போய்ட்டு வந்துடறேங்க.”

“பையைக் குடு.”

கொடுத்தாள். பர்ஸ், ஃபோன், அடையாள அட்டை எல்லாம் அதற்குள்தான். பெண்டாட்டியின் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மடியில் பெட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்த மான்ஹோவைப் பார்த்து எதிர்ச் சீட்டு அம்மாள் ஒருத்தி, “கொடுத்து வெச்சவம்மா நீ!” என்று ஹேரானிடம் சிரித்தாள். ஹேரானும் சிரித்து வைத்தாள்.

குழாயைத் திறந்து ஈரக் கையோடு வெளியே வந்தபோது அவன் குனிந்து அவள் ஃபோனைத் துழாவிக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் கிடையாது. அதனாலேயே விடாமல் தேடிக்கொண்டிருந்தான். அவள் பெஞ்சுக்குப் பின்னால் போனாள். மூச்சுக்கூட விடவில்லை. ஒரு கை தூரம்தான். பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்து வைக்கிற தேவை அந்த மனுஷனுக்கு வாழ்க்கையில் ஒரு நாளும் வந்ததில்லை. கூட்டத்தோடு தெற்குப் பக்கம் திரும்பினாள். அங்கே டிக்கெட் பார்க்கிற கதவு எதுவும் இல்லை. படிகளில் இறங்கினாள். கடைசிப் பத்துப் படியை ஓடியே கடந்தாள்.

ரயில் நகர்ந்து வெகு நேரம் வரை இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கழிப்பறைக் கதவு திறக்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. கடைசியில் வந்தவர் நடத்துனர். நல்ல மனுஷன், தொப்பியைத் தொட்டுக் குனிந்து வணங்கினார்.

“டிக்கெட் பாக்கலாமாம்மா?”

“இல்லீங்க. அவசரத்துல ஏறிட்டேன்.”

“பரவால்ல, இங்கயே போட்டுக்கலாம். எங்க போறீங்க?”

“குன்சான். என்கிட்ட காசு இல்லீங்க. கார்டும் இல்ல. ஃபோனும் இல்ல. அங்க எங்க அக்கா இருக்காங்க.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கட்டுப் போட்ட விரலில் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு தன் ஃபோனை எடுத்தார். “அப்ப அக்காவுக்கு அடிச்சிடலாம். அவங்க ஃபோன்லயே டிக்கெட் போட்டுடுவாங்க. நம்பர் சொல்லுங்க.”

ஹேரான் வாயைத் திறந்தாள். “பூஜ்யம், ஒண்ணு, பூஜ்யம்…”

இந்த நாட்டில் எல்லா நம்பரும் அப்படித்தான் தொடங்கும். அதற்கு மேல் வந்ததை நாக்கிலேயே கடித்துப் பிடித்தாள். அக்காவின் எண்ணை மான்ஹோ அவள் ஃபோனிலிருந்து அழித்து வருஷக்கணக்காகிறது. அந்தச் சின்ன ஜன்னலில் நம்பருக்குத் தேவையே இருக்கவில்லை. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் உலகத்தில் ஒன்றுதான், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். காய்கறி வாங்க இறங்கினால்கூட மான்ஹோவின் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டுச் சொல்லவேண்டும்.

“மேல சொல்லுங்கம்மா” என்றார் நடத்துனர், விரலை ஃபோனின் மேல் வைத்துக்கொண்டு.

“தெரியலீங்க.”

“வீட்ல வேற யாராவது? புருஷன், பிள்ளைங்க? ஒரு நம்பராவது ஞாபகம் இருக்குமே.”

“இல்லீங்க. ஒண்ணும் ஞாபகம் இல்ல.”

அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. “அப்படின்னா அடுத்த ஸ்டேஷன்ல இறக்கித்தான் விடணும். அங்க ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க, அவங்க விசாரிச்சு உங்க வீட்டுக்குத் தகவல் சொல்லுவாங்க.”

ஹேரான் நல்ல கையால் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆம்பிளையின் கையை அவள் வாழ்நாளில் தொட்டதில்லை.

“இறக்கி விடுங்க” என்றாள். “எந்த ஊரா இருந்தாலும் இறங்கிக்கறேன். வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க.”