கீழே ஓடிய எழுத்து

நாட்டின் மேற்கு மூலையில் விவசாயம் பார்க்கிற ஓடியல் பேசுவது பிளெமிஷ். இத்தனை வயதுக்கு அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வந்ததில்லை. மஞ்சள் கொடியில் கறுப்புச் சிங்கத்தைப் பறக்கவிட்டுக்கொண்டு அரசியல் ஊர்வலம் போகிறவர்களும் பிளெமிஷ், பிளெமிஷ் என்றுதான் கத்துகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு. ஓடியலுக்குப் பிளெமிஷ் என்றால் மனைவி சுல்மாவிடமும் மாடுகளிடமும், ஆத்திர அவசரத்துக்கு ஆண்டவரிடமும் பேசுவது. சிறுவயதில் பள்ளிக்கூட வாத்தியார், "நம்ம மொழிக்குப் பேரு டச்சு. நீ பேசுறத மரச்செருப்போட சேத்து வாசல்லயே விட்டுட்டு வா" என்பார். ஓடியல் செருப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே போவார்.

மகள் அன்னலீஸ் இரண்டையும் விட்டவள். ஆண்ட்வெர்ப் நகரத்தில் வேலை, அந்த ஊர்க் கணவன், இரண்டு பிள்ளைகள். போனில் அவள் செய்தி வாசிக்கிறவள் மாதிரி பேசுவாள். இவர் பிளெமிஷில் பதில் சொல்வார். அவளுக்குப் புரியும், பிறந்து வளர்ந்த பேச்சு எங்கே போய்விடும்? ஆனால் அவளுடைய இஸ்திரி போட்ட பேச்சைக் கேட்கக் கேட்க இவருடைய பேச்சு சுருங்கிவிடும். "எப்படி இருக்கீங்கப்பா?" "இருக்கேன்." அவ்வளவுதான். சுல்மா போனதிலிருந்து வீடு என்னைத் தின்கிறது, வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ மகளே என்பது தொண்டை வரை வரும். வந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

கல்லறைத் திருநாளுக்கு வருகிறாயா என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டார். "பாக்கலாம்பா" என்றாள். அந்தப் 'பாக்கலாம்'ஐ நம்பி, சுல்மாவின் கல்லறைக்கு வைக்க ஒரு சாமந்தித் தொட்டி, மகள் கையால் வைக்க இன்னொன்று என்று வாங்கி வாசலில் வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் புயல் அடித்தது. பியருக்குக் கசப்புக் கொடுக்கிற ஹாப்ஸ் கொடிக்காக ஓடியல் நட்டிருந்த உயரமான கம்பங்கள் ஒரு வயல் முழுக்கச் சாய்ந்தன. மறுநாள் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். மைக் பிடித்த பெண் சுத்தமான ஆள். புதுச் சப்பாத்து சேற்றில் புதைவதைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்தது.

"இதையெல்லாம் எப்படித் தாங்கிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது கம்பங்களைப் பற்றி. பதிலும் கம்பங்களில்தான் தொடங்கியது.

"கம்பத்துக்கு என்னம்மா, நாலு பேரு சேந்தா நிமித்திப்புடலாம். வீட்டுல விழுந்தத யாரு நிமித்துவா? எம் பொஞ்சாதி போயிட்டா. இன்னைக்கும் ரெண்டு தட்டுதான் வைக்கேன். ஒத்தத் தட்டப் பாத்தா சாப்பாடு எறங்க மாட்டேங்கு."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னதே அவருக்கு உறைத்தது. மகளிடம் வராத பேச்சு முன்பின் தெரியாதவளிடம் மடை திறந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு நிமிடம் தலையாட்டி, நன்றி சொல்லி, காரில் ஏறிப் போய்விட்டாள். ஓடியலுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, அன்னலீஸ் தவறாமல் செய்தி பார்க்கிறவள் என்பது நினைவுக்கு வந்தது. கேட்கட்டுமே. நேரில் சொன்னால் என்ன, நாட்டுக்கே சொன்னால் என்ன, அவள் காதில் விழுந்தால் சரி.

மாலைச் செய்தியில் அவர் முகம் வந்தது. பேசுகிறவர் பிளெமிஷ்காரர், பார்க்கிறவர்கள் பிளெமிஷ்காரர்கள், தொலைக்காட்சியும் பிளெமிஷ் தொலைக்காட்சி. ஆனாலும் கீழே எழுத்து ஓடியது. இந்த மேற்கு மூலைக்காரர்கள் வாயைத் திறந்தால் இந்த மரியாதை எப்போதும் உண்டு, மற்றவர்களுக்குப் புரியாதாம். ஓடியல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

*கம்பங்களை மீண்டும் நிறுத்திவிடலாம். காலப்போக்கில் எல்லாம் பழகிவிடும்.*

எழுதியவன் யார் பெற்ற பிள்ளையோ. புரியாத இடத்தைப் புரிந்ததை வைத்து அடைத்துவிட்டான். போகட்டும், எழுத்து ஊராருக்கு, அன்னலீசுக்கு அது எதற்கு என்று ஓடியல் தன்னைத் தேற்றிக்கொண்டார். போன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

போன் அடித்தது.

"அப்பா! டிவியில பாத்தேன்! எவ்வளவு அழகா இருந்தீங்க!"

"கேட்டியா?"

"எங்க கேக்க விட்டாங்க, பசங்க ஒரே சத்தம். கீழ போட்டிருந்தாங்களே, அதப் படிச்சேன். எல்லாம் பழகிடும்னு சொன்னீங்கள்ல, அதப் படிச்சதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உங்கள நெனச்சு ராத்திரி தூக்கமே இல்லாம இருந்தேன்பா."

ஓடியல் வாயைத் திறந்தார். "நான் சொன்னது அது இல்ல..."

"என்னப்பா? டேய், கத்தாதீங்கடா! தாத்தாகூடப் பேசிட்டிருக்கேன்ல! அப்பா, கல்லறைத் திருநாளுக்கு... பசங்களுக்கு அப்போ லீவு. ஆர்டென் மலைக்குப் போலாம்னு அவர் ஆசைப்படுறார். நீங்க சமாளிச்சுக்குவீங்கள்ல?"

அவள் குரலில் இருந்த நிம்மதியைப் பிடுங்க அவருக்கு மனம் வரவில்லை.

"பழகிட்டுது மகளே. சூதானமா போயிட்டு வாங்க."

போனை வைத்தார். இருந்த நம்பிக்கையும் போய், வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் உருளைக்கிழங்கை அவித்து, மோர் ஊற்றி, வழக்கம்போல இரண்டு தட்டை வைத்து உட்காரும்போது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வயல்காரர் கமீல். வாய்க்கால் தகராறில் முறைத்துக்கொண்ட நாளிலிருந்து மாதா கோவிலில்கூட இருவரும் முகம் பார்த்ததில்லை. கையில் ஏதோ காகிதப் பொட்டலம்.

"அந்த எழுத்துப் போட்டவன் காதுல என்ன பஞ்சா வச்சிருந்தான்?" என்றார் கமீல், வணக்கம் கூடச் சொல்லாமல்.

"எதவே சொல்லுதீரு?"

"டிவியிலதான். எம் பொஞ்சாதி படிச்சுச் சொன்னா, பழகிருமுன்னு போட்டிருக்காம்லா! மயிரு பழகும். என் கண்ணாடி எங்க கெடக்கோ, நான் எழுத்தப் பாக்கல. நீரு சொன்னதத்தான் கேட்டேன்."

 ஓடியல் கண் கலங்கியதை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பன்னித்தொடை கொஞ்சம் கொண்டாந்திருக்கேன்" என்று கமீல் பொட்டலத்தை மேசையில் வைத்தார். "இதுக்காவ வாய்க்கால விட்டுக் குடுத்தேன்னு நெனச்சுக்கிராதேயும். அது என் வாய்க்கால்தான்."

"உக்காருமய்யா, ஆறிப்போவும்."

கமீல் நாற்காலியில் கை வைத்தார். எதிரே தயாராக இருந்த தட்டைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தபடி, உட்காராமல் நின்றார்.

ஓடியல் அந்தத் தட்டைத் தொடவில்லை. மூலையிலிருந்த முக்காலியை மேசையோரம் இழுத்துப் போட்டார். பிறகு அலமாரியைத் திறந்து மூன்றாவது தட்டை எடுத்தார்.